இடது முட்டியின் பொருள்

மனிதன் பேசக் கற்பதற்கு முன்பே விழக் கற்றுக்கொண்டான். விழுந்தவன் எழுந்த அந்த ஓர் அசைவிலிருந்துதான் உலகத்தின் முதல் நடனம் பிறந்தது. ஆகவே விழுதல் என்பது தோல்வியல்ல, அதுவே கலையின் கருவறை.

இந்த வாக்கியத்தை மாஸ்டர் ஒரு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை லேசாக மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னார். பேட்டி எடுத்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மாஸ்டருக்கே கலங்கிவிட்டது. வயது நாற்பத்தெட்டு; இருபத்து நான்கு வருடமாக நடனம் அமைக்கிறார்; 'கருவறை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான் முதல்முறை. அதுவரை அவர் தொழிலுக்குத் தேவைப்பட்ட சொற்களெல்லாம் "இடுப்ப ஒடி", "பல்லக் காட்டு", "யாரு அங்க கோட்டத் தாண்டறது?" என்ற வகையைச் சேர்ந்தவை.

பேட்டி நடந்தது புதன்கிழமை. அதற்கு நான்கு நாள் முன்னால், சனிக்கிழமை மாலை நடந்ததில் கலை ஏதும் இல்லை. புகை இயந்திரம் கக்கிவிட்ட எண்ணெய்ப் பிசுக்கில் கால் வைத்து ஒரு பெண் வழுக்கி விழுந்தாள். அவ்வளவுதான்.

மாஸ்டர் வேலை செய்தது கொரியப் பாணிப் பாட்டு-நடனக் குழுக்களை நடத்தும் ஒரு கே-பாப் கம்பெனியில். ஏழெட்டுப் பிள்ளைகளைப் பதின்மூன்று வயதில் பிடித்து, ஆறு வருடம் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, ஒரே நேரத்தில் கை தூக்கவும் ஒரே நேரத்தில் மூச்சு விடவும் பழக்கி, பிறகு மேடையில் ஏற்றி, இவர்கள் சுதந்திரப் பறவைகள் என்று போஸ்டர் ஒட்டும் தொழில் அது. கம்பெனிக்கு நான்கு மாடி. நான்காவதில் ஒத்திகைக் கூடம். தரையெங்கும் நிற்கும் இடம் காட்ட நீல டேப்பில் சிலுவைக் குறிகள், மூலையில் ஏ.சி. சொட்டுவதற்கு ஒரு வாளி, எந்நேரமும் வலிநிவாரணி ஸ்பிரே வாசனை. இரண்டாவது மாடியில் கழிப்பறையை ஒட்டி, மூன்று நாற்காலி போட்ட ஓர் அறை. அதன் கதவில் 'பிரபஞ்சப் பிரிவு' என்று பித்தளைப் பலகை தொங்கியது.

இந்தத் தொழிலில் பாட்டு மட்டும் இருந்தால் போதாது. பாட்டுக்குப் பின்னால் ஒரு கதை வேண்டும். கதைக்குப் பின்னால் ஒரு பிரபஞ்சம் வேண்டும். பாட்டு என்னவோ 'வா, வராதே, ஏன் வரவில்லை' என்ற அளவில்தான் இருக்கும். ஆனால் மாஸ்டர் பழக்கிய குழுவின் ஏழு பெண்களும் உடைந்துபோன ஒரு கடிகாரத்தைக் காவல் காக்கும் ஏழு நாள்கள் என்பது பிரபஞ்சப் பிரிவு எழுதிவைத்திருந்த கதை. எழுதியவர் அதற்கு முன் மெத்தைக் கம்பெனி ஒன்றுக்கு விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. "பிரபஞ்சம் வந்தாச்சா?" "பிரபஞ்சத்துக்கு இன்னிக்கு வயிறு சரியில்லையாம், லீவு." இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை தோறும் பிரபஞ்சம் நோட்டும் கையுமாக நான்காவது மாடிக்கு வருவார். மாஸ்டர் அமைத்த ஸ்டெப் ஒவ்வொன்றுக்கும் பொருள் கண்டுபிடித்து எழுதிக்கொண்டு போவார். மூன்றாவது பெண் உள்ளங்கையால் கண்ணை மறைப்பாள். அந்த இடத்தில் விளக்கு நேரே மூஞ்சியில் அடிப்பதால் மாஸ்டர் வைத்த ஸ்டெப் அது. பிரபஞ்சம் எழுதியது: 'பார்க்க மறுக்கும் காலம்.' முதல் பெண்ணுக்கு மேல் ஸ்தாயிக்கு முன் மூச்சு வாங்க எட்டு கவுண்ட், அதாவது எட்டுத் தாளம், வேண்டும்; அவள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது தெரியாமலிருக்க மற்றவர்கள் அவளைச் சுற்றி ஓடுவார்கள். பிரபஞ்சம் எழுதியது: 'முள் சுழல்கிறது, மையமோ வெறுமை.'

முதலில் மாஸ்டர் இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தார். பிறகு சிரிப்பு குறைந்தது. ஏனென்றால் பத்திரிகைகள் அந்த நடனத்தைப் புகழ்ந்து எழுதியபோது, மேதை என்று வந்தது பிரபஞ்சத்தின் பெயர். மாஸ்டரின் பெயர் கடைசிப் பக்கத்தில், முடி அலங்காரத்துக்கும் வேன் ஓட்டுநர்களுக்கும் நடுவில், பொடி எழுத்தில் வந்தது. அதிலும் ஓர் எழுத்து தப்பு.

பெண்களுக்கு மாஸ்டர் வைத்திருந்த பெயர், அவர்கள் நிற்கும் இடம். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை. ஏழு நிற்பது பின்வரிசை இடது ஓரம். வயது பத்தொன்பது. பாட்டில் அவளுக்குக் கொடுத்திருந்தது ஒன்றரை வரி. அந்த அரையையும் ஐந்தாவது பெண்ணோடு சேர்ந்து பாடவேண்டும். அதிகம் பேசமாட்டாள். பேசினால் சந்தேகம்தான் கேட்பாள்.

அந்தச் சனிக்கிழமை மேடையில், இரண்டாவது சரணத்தில், ஏழு இடது முட்டி தரையில் மோத விழுந்தாள். ஒரு கை தரையில், தலை கவிழ்ந்து, நான்கு கவுண்ட் அப்படியே கிடந்தாள். மற்ற ஆறு பேரும் நிற்கவில்லை. யார் விழுந்தாலும் நிற்கக் கூடாது என்பது ஆறு வருடப் பயிற்சி. தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு போவதுபோல அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஐந்தாவது கவுண்டில் அவள் எழுந்து ஆட்டத்தில் சேர்ந்துகொண்டாள்.

மேடைக்குப் பின்னால் மாஸ்டர் காத்திருந்தார்.

"கண்ண எங்க வெச்சிருந்த? பொடனியிலயா?"

"கீழ எண்ணெய் மாஸ்டர்."

"ஏழு பேருக்கும்தான் எண்ணெய். ஆறு பேர் நின்னாங்கல்ல? உனக்கு மட்டும் தனியா ஊத்தி வெச்சாங்களா?"

"சாரி மாஸ்டர்."

"சாரிய வெச்சு என்ன பண்ணறது? மானம் போச்சு."

அவள் முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

மானம் போகவில்லை. மறுநாள் காலையில் அது கூட்டமாகத் திரும்பி வந்தது.

இந்தக் குழுவுக்கு ரசிகர்கள் உண்டு. ரசிகர்களுக்கு ஓர் உரைக்காரம்மா உண்டு. பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். மற்ற நேரத்தில் இந்தப் பெண்கள் விரலை மடக்கினால் ஏன் மடக்கினார்கள், மடக்காவிட்டால் ஏன் மடக்கவில்லை என்று வீடியோ போட்டு விளக்குபவர். எட்டு லட்சம் பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த விழுதலுக்கு அவர் நாற்பத்தொரு நிமிட உரை போட்டிருந்தார். படத்தை அங்கங்கே நிறுத்தி, சிவப்பு அம்புக்குறி வரைந்து, குரல் தழுதழுக்க: "ஏழாவது நாள் எது? ஓய்வு நாள். ஓய்வு மறுக்கப்பட்டவள் விழுகிறாள். எந்த முட்டி? இடது. இடது என்பது கடந்த காலம். எத்தனை கவுண்ட்? நான்கு. நான்கு பருவம்! சுற்றிக்கொண்டு போகிறார்களே ஆறு பேர், திரும்பிக்கூடப் பார்க்காமல்... அது யார் தெரியுமா? நாம்தான்." கடைசியில் ஒரு கேள்வி: "இதை அமைத்த மேதை யார்?"

மாஸ்டர் பல் துலக்கிக்கொண்டே மூன்று தடவை பார்த்தார். நுரை வழிந்து பனியனில் சொட்டியது தெரியவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அந்தப் பொண்ணு வழுக்கித்தானே விழுந்துச்சு? நேத்து வந்து குதிச்சீங்களே."

"கலைஞனோட உள்மனசு சிலத முன்னாடியே அமைச்சு வெச்சிருக்கும். அதெல்லாம் உனக்குப் புரியாது."

"உள்மனசுக்கு அந்த எண்ணெயத் தொடைக்கத் தெரியலையாக்கும். முதல்ல வாயக் கொப்பளிங்க."

புதன்கிழமை பேட்டியில் கேள்வி நேராகவே வந்தது: அது திட்டமிட்டதா, தற்செயலா? பதில் சொல்ல மாஸ்டருக்கு இரண்டு விநாடி கிடைத்தது. அந்த இரண்டு விநாடியில் பொடி எழுத்தில் அச்சான தன் பெயர் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் அந்தக் கருவறை.

வியாழக்கிழமை காலை எம்.டி. அவரைக் கூப்பிட்டனுப்பினார். எம்.டி. மேஜைமேல் காகிதம் வைத்துக்கொள்ளாதவர். ஒரு பொம்மைக் குதிரை மட்டும் இருக்கும். பிரபஞ்சம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மாஸ்டர், அசத்திட்டீங்க. இனி கிளம்பற சுற்றுப்பயணத்துல நாப்பது மேடை இருக்கு. நாப்பதுலயும் இது வேணும். அப்படியே வேணும். அதே முட்டி, அதே கை, அதே நாலு கவுண்ட்."

பொம்மைக் குதிரையைப் பார்த்துக்கொண்டே மாஸ்டர் இழுத்தார். "சார், தினம் முட்டியில விழறதுன்னா..."

"நீங்கதானே சார் அமைச்சீங்க?" என்றார் பிரபஞ்சம், இனிமையாக.



அன்று மதியமே நான்காவது மாடியில் ஏழுக்கு ஒரு புதிய நீலச் சிலுவை ஒட்டப்பட்டது. தற்செயலாக நடந்ததைத் தப்பில்லாமல் நடத்துவது லேசுப்பட்ட வேலையல்ல. சனிக்கிழமை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த விரல் எங்கே பதிந்தது, முடி எந்தப் பக்கம் சரிந்தது என்று மாஸ்டர் அளவெடுத்தார். பிறகு கைதட்டி எண்ணினார்: "அஞ்சு, ஆறு, விழு, எட்டு!"

டொக் என்று ஒரு சத்தம்.

"சீக்கிரம் விழற. மறுபடி. அஞ்சு, ஆறு, விழு, எட்டு!"

டொக்.

பதினோராவது தடவைக்குப் பிறகு ஏழு தரையில் இருந்தபடியே சந்தேகம் கேட்டாள். "மாஸ்டர், வலது முட்டியில விழலாமா? ஒரு நாள் இது, ஒரு நாள் அது."

நியாயமான சந்தேகமாகத்தான் மாஸ்டருக்குப் பட்டது. இரண்டாவது மாடிக்கு ஆள் அனுப்பினார். அங்கிருந்து வந்த துண்டுச்சீட்டில் இப்படி இருந்தது: 'வலது என்பது எதிர்காலம். எதிர்காலம் விழக் கூடாது.'

"அப்ப உள்ளுக்குள்ள பட்டை கட்டிக்கலாமா மாஸ்டர்?"

உடை தைக்கும் அம்மாள் தலையை ஆட்டினாள். மெல்லிய காலுறைக்குள் பட்டை புடைத்துத் தெரியும். அதோடு, அந்த முட்டியில் முதல் நாள் ஏற்பட்ட காயத்தைத்தான் ரசிகர்கள் பெரிது பண்ணிப் பார்க்கிறார்கள். அதை மறைக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஒப்பனைக்காரர் வந்து, ஆறத் தொடங்கியிருந்த காயத்தின்மேல் புதுக் காயம் வரைந்துவிட்டுப் போனார்.

"நான் ஏன் மாஸ்டர் விழறேன்?" என்று கடைசியாகக் கேட்டாள் ஏழு. கிண்டலாகக் கேட்கவில்லை. முகபாவம் சரியாக வரவேண்டுமே என்பதற்காகத்தான் கேட்டாள்.

"ஓய்வு மறுக்கப்பட்டதால" என்றார் மாஸ்டர். "சரி, மறுபடி. அஞ்சு, ஆறு..."

பயணம் தொடங்கியது. ஒவ்வோர் ஊரிலும் இரண்டாவது சரணம் வந்ததும் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அவள் விழுந்ததும் ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒன்றாக அழும். ஒன்றரை வரிக்காரிக்கு இப்போது முதல் பெண்ணைவிட அதிகக் கூட்டம். தொப்பிகளிலும் பைகளிலும் இடது முட்டியின் படம் வந்தது. முகம் இல்லாமல், முட்டி மட்டும். மாஸ்டரையும் இரண்டு கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டார்கள். இரண்டிலும் மாஸ்டர் கருவறையைப் பற்றிப் பேசினார். பேசப் பேச அது உண்மையென்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது. தோன்றாமல் இருப்பதற்கு அவர் ஒன்றும் பெரிதாக முயற்சி செய்யவுமில்லை.

பன்னிரண்டாவது மேடை முடிந்த மறுநாள், ஒத்திகைக் கூடத்து வாசலில் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அளவு டேப், நெஞ்சுப் பக்கம் நாலைந்து குண்டூசி. துணிக்கடையில் காற்சட்டை நீளம் குறைத்துத் தைப்பவள்; வேலை நடுவே ஓடிவந்திருந்தாள். ஏழின் அம்மா.

கையிலிருந்த பையிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இதப் பாருங்க மாஸ்டர். இந்த எலும்புல ஒரு கோடு தெரியுதா? டாக்டர் சொல்றாரு, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா ஜவ்வும் கிழிஞ்சிரும், அப்புறம் படி ஏறவே அடுத்தவங்க தோளப் பிடிக்கணும்னு."

மாஸ்டர் படத்தைப் பார்த்தார். கோடு தெரிந்தது. தெரியாததுபோல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவளையே நிறுத்திக்கிறேன்னு சொல்லச் சொல்லுங்களேன்மா."

"அவ சொன்னா அவள மாத்திருவாங்க மாஸ்டர். நீங்க சொன்னா ஸ்டெப்ப மாத்துவாங்க." அம்மாள் எக்ஸ்ரேயைப் பையில் போட்டாள். "ஆறு வருஷம் படிப்ப விட்டுட்டு இங்க கெடந்திருக்கா. வேற ஒண்ணும் தெரியாது அவளுக்கு. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அது வழுக்கி விழுந்தது, நான் சொல்லிக் குடுக்கலன்னு. உண்மைதானே? புதுசா எதுவும் நீங்க கண்டுபிடிக்க வேணாம்."

மாஸ்டரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை; குண்டூசிகளைப் பார்த்தார். "சொல்றேம்மா" என்றார்.

உடனே சொல்லிவிடவில்லை. முதலில் சுலபமான வழி ஒன்றைச் செய்து பார்த்தார். பதினைந்தாவது மேடைக்கு முன் ஏழைத் தனியாகக் கூப்பிட்டு, "விழாத. சும்மா மெதுவா மண்டி போடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். மெதுவாக மண்டியிட்டாள். எட்டு லட்சம் பேருக்கும் தெரிந்துவிட்டது. 'போலி விழுதல்' என்று உரைக்காரம்மா இருபது நிமிடம் பேசினார். சத்தத்தை இயந்திரத்தில் போட்டு அளந்து, இன்றைய டொக் பழைய டொக்கில் பாதிதான் என்று நிரூபித்தார். "வலியில்லாத இடத்தில் கதை ஏது?" என்று முடித்தார். கம்பெனியிலிருந்து ஏழுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது: அர்ப்பணிப்பில் குறைவு. பதினாறாவது மேடையில் அவள் விழுந்த வேகத்தில் மேடைப் பலகையே அதிர்ந்தது. எல்லோருக்கும் திருப்தி.

அதற்குப் பிறகுதான் மாஸ்டர் துணிந்தார். இருபத்தோராவது மேடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ரசிகர் சந்திப்பு. ஒரு கூட்ட அரங்கில் தொள்ளாயிரம் பேர். முன்வரிசையில் உரைக்காரம்மா, மடியில் முட்டிப் படம் போட்ட பை. சொல்லவேண்டியதை மாஸ்டர் ஒரு சீட்டில் எழுதி, சட்டைப்பையில் வைத்திருந்தார். மைக்கைக் கையில் வாங்கினார்.

"ஒரு உண்மையச் சொல்லணும். அன்னிக்கு அந்தப் பொண்ணு வழுக்கி விழுந்தா. கீழ எண்ணெய் இருந்துச்சு. நான் அத அமைக்கல. பேட்டியில நான் சொன்னது பொய். தினமும் அவ நிஜமாவே அடிபடறா. இத நிறுத்தணும்."

 இருபத்து நான்கு வருடத்தில் தன் நெஞ்சு இவ்வளவு லேசாக இருந்ததில்லை என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

அப்போது உரைக்காரம்மா எழுந்து நின்றார். கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர்.

"இப்ப மாஸ்டர் என்ன செஞ்சார்னு உங்களுக்குப் புரியுதா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இத்தன நாளா அவ மட்டும் விழுந்தா. இன்னிக்கு அவளைப் படைச்சவரே தன் பெருமையிலேர்ந்து நம்ம முன்னால விழுந்து காட்டுறார். இதுதான் இரண்டாவது விழுதல்!"

ஒரு நொடி. பிறகு கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

"இல்லம்மா, நெசமாவே எண்ணெய்ங்க..." என்றார் மாஸ்டர் மைக்கில்.

"எண்ணெய்!" என்று யாரோ பின்வரிசையில் மெய்சிலிர்த்துக் கத்தினார்கள். கூட்டம் இடது முட்டியை மடக்கிக் கீழே இறங்கியது. வயதானவர்கள்கூட நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார்கள். மேடை ஓரத்தில் பிரபஞ்சம் நோட்டில் 'எண்ணெய்' என்று எழுதி, அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே கம்பெனி வாசலில் சின்னக் குப்பியில் எண்ணெய் அடைத்து விற்பனைக்கு வந்தது.

வீடு திரும்பும் வழியில் அந்தக் கைதட்டலை நினைத்து மாஸ்டருக்கு இரண்டு முறை சிரிப்பு வந்தது. இரண்டு முறையும் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

வாசற்படியில் ஏறும்போதே போன் அடித்தது. ஏழின் அம்மா.

"சொல்லிட்டீங்களா மாஸ்டர்?"

"சொல்லிட்டேம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். "கை தட்டினாங்க."

அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "நாளைக்கே எம்.டி. கிட்டப் போயி, அந்த ஸ்டெப்ப எடுத்தாத்தான் இனிமே வேலை செய்வேன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள்.

"வேலை போயிரும்."

"போனா போகுது. இன்னொரு வேலை கிடைக்காதா?"

"மாஸ்டர்னு ஒருத்தர் இருக்கார்னு ஊருக்கே இப்பத்தானே தெரிஞ்சிருக்கு" என்றார் அவர். மனைவி அன்று சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

முப்பத்தோராவது மேடையில், இரண்டாவது சரணத்தில், அஞ்சு, ஆறு, விழு. ஏழு விழுந்தாள். நான்கு கவுண்ட் ஆயிற்று. எழவில்லை. எட்டு ஆயிற்று. எழவில்லை. நீட்டிக்கப்பட்ட புதிய வடிவம் என்று அரங்கத்துக்குப் புல்லரித்தது. பதினாறாவது கவுண்டில் அவள் ஒரு கையை உயர்த்தி, மேடை ஓரத்தைப் பார்த்து, வா வா என்று அசைத்தாள். ஆறாயிரம் பேரும் கையை உயர்த்தி அதேபோல் அசைத்தார்கள். ஆறு பெண்களும் பயிற்சி தவறாமல் அவளைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் திரைமறைவில் நின்று பார்த்தார். பாட்டை நிறுத்தச் சொல்லி ஒலியமைப்பாளரின் தோளைத் தட்ட அவருக்கு இன்னும் ஒரு எட்டு கவுண்ட் பிடித்தது. நன்றாக இருந்ததால் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ஸ்ட்ரெச்சருக்கும் கைதட்டினார்கள்.

ஜவ்வு கிழிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. கம்பெனி வெளியிட்ட அறிக்கையில் 'ஏழாம் நாள் தன் ஓய்வுக்குத் திரும்பினாள்' என்று பிரபஞ்சம் எழுதியிருந்தார். பலர் அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் மாஸ்டர் ஒரு முறை போய்ப் பார்த்தார். பழக்கூடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என் இடத்த வெச்சிருப்பாங்கல்ல மாஸ்டர்?" என்றாள் ஏழு.

"வெச்சிருப்பாங்க, வெச்சிருப்பாங்க" என்றார் மாஸ்டர். அவள் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

வைத்திருக்கவில்லை. மீதி ஒன்பது மேடைகள் காத்திருந்தன. ஏழாவது நாள் இல்லாத வாரத்தை யார் பார்க்க வருவார்கள்? மூன்று மாதம் தள்ளிவைத்து, தேர்வு அறிவித்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார் எம்.டி. "அந்தப் பொண்ணும் வரட்டும். நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

இருபத்தாறு பெண்கள் வந்தார்கள். மேஜைக்குப் பின்னால் எம்.டி., பிரபஞ்சம், மாஸ்டர் என்று மூன்று பேர். மூவர் முன்னாலும் மதிப்பெண் தாள், பத்துக்கு இத்தனை என்று போட ஒரு கட்டம், குறிப்பு எழுத ஒரு கட்டம். மதிப்பெண்ணை ஒருவருக்கொருவர் காட்டக் கூடாது. வந்த பெண்கள் எல்லோருமே ஆடத் தெரிந்தவர்கள். எல்லோருமே வீட்டில் விழுந்து பழகிவிட்டு வந்திருந்தார்கள். பலருடைய இடது முட்டி கன்றிப்போயிருந்தது. காலையிலிருந்து மதியம் வரை டொக், டொக் என்று ஒத்திகைக் கூடத்தில் கதவு தட்டுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இருபத்திரண்டாவதாக ஏழு வந்தாள். சட்டையில் குத்தியிருந்த அட்டையிலும் இருபத்திரண்டு என்றுதான் இருந்தது. நடையில் நொண்டல் தெரியாமலிருக்க மெதுவாக நடந்து வந்தாள். வாசலுக்கு வெளியே அவள் அம்மாவின் நிழல் தெரிந்தது.

"வணக்கம் மாஸ்டர்."

"ம்" என்றார் மாஸ்டர்.

இந்த நிமிடத்தைப் பற்றி அவர் ஒரு வாரமாக யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பத்து போட்டால் அவள் இடம் அவளுக்குக் கிடைக்கும், முட்டி போய்விடும். பூச்சியம் போட்டால் முட்டி மிஞ்சும், மற்றதெல்லாம் போய்விடும். இரண்டில் எது நல்ல மனிதன் செய்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் கை தானாகவே எழுதிவிடும் என்று நம்பிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

பாட்டு ஓடியது. அவள் ஆடினாள். ஆறு வருடம் அந்த உடம்புக்குள் போனதெல்லாம் அப்படியே இருந்தது. இரண்டாவது சரணம் வந்தது. அஞ்சு, ஆறு. முட்டிக்குமேல் உடம்பு ஒரு கணம் தயங்கியது. பிறகு விழுந்தாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது; அதைப் பல்லால் கடித்து விழுங்கிவிட்டாள். நான்கு கவுண்ட் கிடந்து, கையை ஊன்றி, எழுந்துவிட்டாள்.

"வேறென்னமோ குறையுதே" என்றார் பிரபஞ்சம் மெல்ல. "பழைய உண்மை இல்ல."

"பாவம், முயற்சி பண்ணுது" என்றார் எம்.டி.

மாஸ்டர் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். மாலையில் உதவியாளர் மூன்று தாள்களையும் சேர்த்துக் கூட்டியபோது, இருபத்திரண்டாம் எண்ணுக்கு எம்.டி. ஆறு போட்டிருந்தார், பிரபஞ்சம் ஐந்து. மாஸ்டர் போட்டிருந்தது நான்கு. பக்கத்துக் கட்டத்தில், 'விழுவது அரை கவுண்ட் தாமதம்' என்று எழுதியிருந்தார்.